கலத்தின் எண், வால்வின் எண்

கலத்துக்குள் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்றுக்கு டேட்டா ஷீட் நிரப்பும்போது அழுத்தம் என்ற தலைப்பின் கீழ் எட்டு, பத்துக் கட்டங்கள் வரும். ஆபரேட்டிங் பிரஷர், டிசைன் பிரஷர், எம்.ஏ.டபிள்யூ.பி., செட் பிரஷர், ஓவர் பிரஷர், அக்யூமுலேஷன், பேக் பிரஷர், புளோடவுன், கோல்டு டெஸ்ட் பிரஷர். நிரப்பி முடித்துப் பார்த்தால் பாதிக் கட்டங்களில் கிட்டத்தட்ட ஒரே எண்தான் நிற்கும்: 9, 10, 10, 11, 9.3. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு கலம் தாங்குமா, வெடிக்குமா என்பது அந்த ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்துக்குள்தான் தீர்மானமாகிறது. இந்தக் கணக்கைத் தொழிலாகச் செய்து வருகிறவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில். டிப்ளமோ முடித்துச் சேதராப்பட்டுக்கும் கடலூர் சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் இந்தக் கட்டங்களைப் பற்றிக் கேட்க மாலையில் வருவார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பிரஷர் பற்றிப் பேசுவது வெளியூர்க்காரருக்குப் பொருந்தாததாகத் தெரியலாம். வடக்கே மரக்காணம் உப்பளங்களில் வெயிலும் காற்றும்தான் வேலையாட்கள். பாத்தியில் உப்புநீர் திறந்த வானத்தின் கீழ் வற்றுகிறது. அடைபட்ட ஆவி என்று அங்கே எதுவும் கிடையாது. ஆனால் அதே வெயில் ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் வேறு வேலை செய்கிறது. 15 மீட்டர் விட்டமுள்ள, அசையாத கிண்ணம் ஒன்று அங்கே வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. கிண்ணம் குவிக்கும் ஒளியைத் தேடிச் சூரியனோடு சேர்ந்து நகர்வது அதன் மேல் தொங்கும் ரிசீவர் மட்டும்தான். தெளிந்த வானமுள்ள நாளில் ஆயிரம் பேருக்கு இரண்டு வேளை சமைக்கும் அளவுக்கு, 150 டிகிரி நீராவி அதிலிருந்து கிடைக்கிறது. நீராவி அட்டவணையில் 150 டிகிரிக்கு நேரே பார்த்தால் கேஜ் கணக்கில் ஏறக்குறைய 3.8 கிலோ. (கிலோ என்று ஆலைகளில் சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதன் சுருக்கம்.) உப்பளப் பாத்தியில் சத்தமில்லாமல் ஆவியாகும் தண்ணீர், மூடிய குழாய்க்குள் போனதும் இந்த எண்ணைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. விறகையோ டீசலையோ நிறுத்துவதுபோல வெயிலை நிறுத்த முடியாது. ரிசீவரைக் குவியத்திலிருந்து விலக்கினால்தான் வெப்பம் நிற்கும். ரிலீஃப் கணக்குப் போடுகிறவனுக்கு அந்தக் கிண்ணம் இதனாலேயே தனி அக்கறைக்குரியது. உள்ளே வரும் வெப்பத்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

கடற்கரையோரம் மீன்பிடி ஊர்களுக்குப் பார் பாராக ஐஸ் போட்டுக்கொடுக்கும் ஐஸ் கம்பெனிகளில் சுற்றுவது அமோனியா. திரவ அமோனியா நிற்கும் ரிசீவரில் கம்ப்ரஸர் ஓடாவிட்டாலும் அழுத்தம் இருக்கும். அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 30 டிகிரியில் கேஜ் சுமார் 10.9 கிலோ காட்டும். 40 டிகிரியில் 14.8. 50 டிகிரிக்குப் போனால் 19.7. சித்திரை வெயில் நேராகவே கேஜ் முள்ளைத் தள்ளுகிறது.

கேட்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எண்ணைப் பார்க்காதே, அது யாருக்குச் சொந்தம் என்று பார். சில எண்கள் கலத்துக்குச் சொந்தம். சில வால்வுக்கு. சில குழாய்க்கு. ஒன்றே ஒன்று ஆலையை ஓட்டுகிறவருக்கு. சொந்தக்காரர் யாரென்று தெரிந்தபின் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கலத்தின் எண் எம்.ஏ.டபிள்யூ.பி., அதாவது கலத்துக்கு அனுமதிக்கும் உச்ச வேலை அழுத்தம். கலத்தின் தகடு எவ்வளவு தடிமன், வெல்டிங்கை எந்த அளவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எந்த வெப்பநிலையில் நிற்கப்போகிறது, துருவுக்கென்று எத்தனை மில்லிமீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் போட்டுக் கணக்கிட்டால் வரும் எல்லை அது. டிசைன் பிரஷர் என்பது கலம் செய்வதற்கு முன்பு நாங்கள் கேட்பது, எம்.ஏ.டபிள்யூ.பி. செய்து முடித்த கலம் சொல்வது. 10 கிலோவுக்கு 7.3 மில்லிமீட்டர் தகடு போதும் என்று கணக்கு வந்தாலும் கடையில் கிடைப்பது 8 மில்லிமீட்டர் தகடு. ஆகவே செய்த கலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தெம்பு இருக்கலாம். பல கம்பெனிகளில் அந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுவார்கள். அதனால் ஆபத்து இல்லை. ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது. தகடு தேயத் தேய இந்த எண் இறங்கும். பெயர்த்தகட்டில் பொறித்தது அப்படியே இருக்கும், கலம் மெலிந்திருக்கும். உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் பத்து வருடப் பழைய கலத்தின் பெயர்த்தகட்டை மட்டும் நம்பி வால்வு செட் பண்ணுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தடிமனை அளந்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.

செட் பிரஷர் வால்வின் எண். ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தி வைத்தால் எந்த அழுத்தத்தில் டிஸ்க் சீட்டை விட்டு எழும்பும் என்பது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கோட், நாங்கள் ஆஸ்மி என்று சொல்வது, இதற்கு ஒரு விதியை வைத்திருக்கிறது: ஒரே ஒரு வால்வுதான் என்றால் அதன் செட் பிரஷர் கலத்தின் எம்.ஏ.டபிள்யூ.பி.யைத் தாண்டக் கூடாது. தாழ்வாக வைக்கலாம்.

இப்போதுதான் எல்லோரும் இடறும் இடம் வருகிறது. ஸ்பிரிங் வால்வு செட் பிரஷரில் முழுதாகத் திறந்து, முழு அளவையும் வெளியேற்றிவிடாது. முழுக் கொள்ளளவுக்கு எழும்ப அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். செட்டுக்கு மேல் ஏறும் அந்தக் கூடுதல்தான் ஓவர் பிரஷர். கலத்தின் எல்லைக்கு மேல் ஏற விடும் கூடுதல் அக்யூமுலேஷன். முன்னது வால்விலிருந்து அளப்பது, பின்னது கலத்திலிருந்து அளப்பது. செட் பிரஷரும் எம்.ஏ.டபிள்யூ.பி.யும் ஒன்றாக இருக்கும்போது இரண்டு அளவும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் இவை ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கலத்தின் எல்லை 10 கிலோ. வால்வு செட் 10. தீ இல்லாத சாதாரணக் காரணங்களுக்கு, ஒற்றை வால்வுக்கு ஆஸ்மி எட்டாம் பிரிவு அனுமதிக்கும் அக்யூமுலேஷன் 10 சதவீதம். அதாவது கலத்துக்குள் 11 கிலோவுக்கு மேல் போகவே கூடாது. ஓவர் பிரஷரும் 10 சதவீதம்தான். இப்போது வால்வை 9 கிலோவுக்கு இறக்கி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கலம் மாறவில்லை, அதன் உச்சி அதே 11 கிலோ. ஆனால் வால்வுக்கு 9-லிருந்து 11 வரை ஏற இடம் கிடைக்கிறது. ஓவர் பிரஷர் 22 சதவீதம். அக்யூமுலேஷன் அதே 10 சதவீதம்தான். இதை எழுதிக் காட்டிய பிறகு யாரும் இரண்டையும் குழப்பி நான் பார்த்ததில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகள் இருந்தால் உச்சி 16 சதவீதம். முதல் வால்வு 10 கிலோவில், அடுத்தது 10.5 வரையில் செட் ஆகலாம், கலத்துக்குள் 11.6 தாண்டக் கூடாது. வெளியே தீப்பிடித்துக் கலம் சூடேறும் நிலைக்கு 21 சதவீதம், 12.1 கிலோ. ஏன் தீக்கு மட்டும் இந்தத் தாராளம் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தீ என்பது அந்தக் கலத்தின் ஆயுளில் ஒருமுறை வந்தாலே அதிகம். வந்துபோன பிறகு அந்தக் கலத்தை ஆராயாமல் யாரும் மறுபடி ஓட்டப்போவதில்லை. தவிரவும் ஹைட்ரோ டெஸ்டில் 1.3 மடங்கு அழுத்தத்தைக் கலம் ஏற்கெனவே தாங்கிக் காட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை குளிர்ந்த தண்ணீரில் நடந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். தீயில் காய்ந்த இரும்பு வேறு பொருள். ஆவிப் பகுதியில் தகடு வெந்து மெலிந்தால் எந்த வால்வும் காப்பாற்றாது. அதற்குத் தண்ணீர் தெளிப்பதும் அழுத்தத்தை இறக்குவதும்தான் வழி.

இந்தச் சதவீதங்களின் பின்னால் சாவுகள் இருக்கின்றன. டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டிய வேகவைக்கும் பாத்திரம்தான் இன்றைய குக்கரின் மூதாதை. நெம்புகோலில் எடை தொங்கவிட்ட வால்வை அதற்கென்றே அவர் வடிவமைத்தார். வால்வு அவ்வளவு காலமாக இருந்தும் எதை எந்த எண்ணில் வைப்பது என்பதற்குப் பொது விதி வர இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கல்கத்தாவில் 1863-ல் நடந்த பாய்லர் வெடிப்புக்குப் பிறகுதான் வங்கத்தில் 1864-ல் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது; மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறாக இருந்த விதிகள் 1923-ல் இந்தியப் பாய்லர் சட்டத்தில் ஒன்றாயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் 1905 மார்ச் 20 அன்று ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். ஆஸ்மியின் முதல் பாய்லர் கோட் அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1914-ல் உருவானது. நம் நாட்டில் 1950-ன் இந்தியப் பாய்லர் விதிகளின்படி (ஐ.பி.ஆர்.) பாய்லரை முழுத் தீயில் வைத்து, ஆவி வெளியேறும் வழியை மூடி, சேஃப்டி வால்வு மட்டுமே ஆவியை வெளியேற்ற, அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று இன்ஸ்பெக்டர் முன்னிலையில் பார்ப்பார்கள். அக்யூமுலேஷன் டெஸ்ட் என்றே அதற்குப் பெயர். காகிதத்தில் மட்டும் இந்தச் சொல்லைப் படித்தவர்கள் ஒருமுறை அந்தச் சோதனைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 1923 சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ன் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. வால்வு செய்ய வேண்டிய வேலை மாறவில்லை.

வீட்டுக் குக்கரை இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். விசிலடிக்கும் வெயிட் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கருவி. தினமும் எழும்புவது அதன் வேலை. மூடியில் பதித்திருக்கும் சேஃப்டி வால்வு, வெயிட்டின் துளை அடைத்துக்கொண்டால் மட்டும் வேலை செய்ய வேண்டியது. ஆலையிலும் அப்படித்தான். அழுத்தத்தைத் தினமும் சரிசெய்வது கண்ட்ரோல் வால்வின் பொறுப்பு. ரிலீஃப் வால்வு வாரத்துக்கு ஒருமுறை பாப் ஆகிறதென்றால் அதைப் பாராட்டக் கூடாது. ஆலை தவறாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேட்டிங் பிரஷர் ஆலையை ஓட்டுகிறவருடைய எண். செட்டுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 10 சதவீத இடைவெளி விடுவது எங்கள் வழக்கம். வால்வின் உடம்பில் அதற்குக் காரணம் இருக்கிறது. செட்டை நெருங்க நெருங்க டிஸ்க்கைக் கீழே அழுத்தும் நிகர விசை குறைந்துகொண்டே வரும். சீட் இளகிச் சீறத் தொடங்கும். சிம்மர் என்று அதைச் சொல்வார்கள். இரும்பு சீட் கொண்ட வால்வின் கசிவைச் சோதிக்கும், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. 527 தரம் செட்டின் 90 சதவீதத்தில்தான் குமிழிகளை எண்ணச் சொல்கிறது. 95-ல் கசியாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. திறந்த வால்வு மூடுவதும் செட்டில் நடப்பதில்லை. 10 கிலோவில் திறந்தது 9.3-க்கு இறங்கிய பின்புதான் உட்காரும், இந்த 0.7 கிலோ புளோடவுன். ஆலையை 9.5-ல் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒருமுறை திறந்த வால்வு மூடவே மூடாது.

மூடுவதை இரண்டாம்பட்சமாக நினைக்கிறவர்களுக்கு நான் த்ரீ மைல் ஐலண்டைச் சொல்வேன். 1979 மார்ச் 28 விடியற்காலை, பென்சில்வேனியாவின் அந்த அணுமின் நிலையத்தில் அழுத்தம் ஏறியபோது ரிலீஃப் வால்வு ஒழுங்காகத் திறந்தது. அழுத்தம் இறங்கியபின் மூட வேண்டியது, மாட்டிக்கொண்டு திறந்தே நின்றது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ வால்வுக்குப் போன மூடும் கட்டளையைக் காட்டியதே தவிர வால்வின் நிலையைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. உலையின் உள்ளகம் பாதி உருகியது. செட் பிரஷரில் பிழை இல்லை. வால்வு சிறியதும் இல்லை. மூடவில்லை, அவ்வளவுதான்.

வால்வைப் பெரிதாகப் போட்டுவிட்டால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணமும் தவறு. தேவைக்கு மிஞ்சிய வால்வு திறந்ததும் கீழே அழுத்தம் படக்கென்று விழும், மூடும், மறுபடி ஏறும், திறக்கும். இந்தத் தடதடப்பில் சீட் நசுங்கும், பெல்லோஸ் கிழியும், ஃபிளாஞ்ச் போல்ட்டே தளரும். அளவு தேவையில்லாமல் பெரிதாவதற்கு ஒரு சாதாரணக் காரணம் கேஜ் எண்ணை அப்படியே சூத்திரத்தில் போடுவது. வாயு எவ்வளவு வெளியேறும் என்பது முழு அழுத்தத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் இருக்கும் நமக்கு கேஜ் எண்ணோடு 1.03 கிலோவைக் கூட்ட வேண்டும். 11 என்பது 12.03 ஆகும். அதை மறந்தால் வால்வின் துளை 9 சதவீதம் பெரிதாகக் கணக்கு வரும். வால்வுகளோ டி, இ, எஃப், ஜி என்று எழுத்து எழுத்தாகத் தாவும் அளவுகளில்தான் கிடைக்கின்றன. அந்த 9 சதவீதம் அடுத்த எழுத்துக்குத் தள்ளிவிடக்கூடும். வால்வுக்கு வரும் குழாயில் அழுத்த இழப்பு செட்டின் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று ஏ.பி.ஐ. 520 சொல்வதும் இதே தடதடப்புக்குப் பயந்துதான். குழாய் ஒல்லியாக இருந்தால் கலத்தின் உண்மையான அழுத்தம் வால்வுக்குத் தெரியாது.

இனி குழாயின் எண்கள். பேக் பிரஷர் வால்வின் வெளிப்பக்கத்தில் இருப்பது. திறக்கும் முன்பே அங்கே நிற்பது ஒரு வகை. திறந்தபின் ஓட்டத்தால் தானே உண்டாவது இன்னொரு வகை. சாதாரண ஸ்பிரிங் வால்வில் முதல் வகை நேராக ஸ்பிரிங்குக்குத் துணைபோகிறது. வெளிக்குழாய்கள் வந்து சேரும் ஹெடரில் எப்போதும் 1 கிலோ நிற்கிறது, கலத்தை 10-ல் காப்பாற்ற வேண்டும் என்றால் பட்டறை மேசையில் வால்வை 9-க்குத்தான் செட் பண்ண வேண்டும். மேசையில் வெளிப்பக்கம் திறந்த காற்றுதானே. சூடான நீராவிக்குப் போகும் வால்வாக இருந்தால் வேறொரு திருத்தம்: சூட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வதால் குளிர்ந்த மேசையில் சற்றே கூட்டி வைப்பார்கள். கோல்டு டெஸ்ட் பிரஷர் என்ற கட்டம் இதற்குத்தான். அந்த எண்ணும் செட் பிரஷரும் வேறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று ‘திருத்தி’ அனுப்பிய பட்டறைகள் உண்டு. திறந்தபின் உண்டாகும் பேக் பிரஷர், சாதாரண வால்வில் ஓவர் பிரஷர் 10 சதவீதம் இருக்கும்போது, செட்டின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேக் பிரஷர் அவ்வளவாகப் பாதிக்காத பெல்லோஸ் வால்வு, இல்லையென்றால் பைலட் வால்வு.

இந்தக் கடற்கரையில் வெளிக்குழாய்க்கென்று தனி உபத்திரவங்கள் உண்டு. நேராக வானம் பார்த்த வெளிக்குழாய் ஒரு மழைமானிதான். அடியில் விட்டிருக்கும் வடிகால் துளை துருவாலும் உப்பாலும் அடைபட்டால் பெய்த மழை அத்தனையும் வால்வின் தலையில் நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அரை மீட்டர் தண்ணீர் என்றால் 0.05 கிலோ, 10 கிலோ வால்வுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சீறிக்கொண்டிருக்கும் நீராவி வால்வில் ஆவியும் குளிர்ந்து சேர்ந்து மூன்று மீட்டர் குழாய் நிறைந்துவிட்டால் 0.3 கிலோ. செட் 3 கிலோவாக இருக்கும் வால்வுக்கு அது 10 சதவீதம்; அனுமதித்த அக்யூமுலேஷன் முழுவதையும் தேங்கிய தண்ணீரே தின்றுவிடும். அதைவிடக் கேடு, நின்ற தண்ணீரில் சீட் அரிப்பது. பெல்லோஸ் வால்வின் பானெட்டில் ஒரு சிறு துளை திறந்தே இருக்க வேண்டும். குளவி அதில் மண்கூடு கட்டும், பெயின்டர் அதன் மேல் பெயின்ட் அடிப்பார். மழைக்காலம் முடிந்ததும் ஏணி வைத்து ஏறி இந்தத் துளைகளைப் பார்ப்பது எந்தக் கணக்கையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

கணக்குகள் சரியாக இருந்தும் பேரழிவு நடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் போபால். 1984 டிசம்பர் 2 இரவு, அங்கிருந்த பூச்சிக்கொல்லி ஆலையின் ஈ-610 என்ற தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஷிப்ட் மாறும் முன் தொட்டியின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு); 11 மணிவாக்கில் 10. இயல்பான எல்லை 2 முதல் 25 வரை என்று இருந்ததால் 10 என்ற எண் யாரையும் உலுக்கவில்லை. ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது என்பதை எல்லை மறைத்துவிட்டது. நள்ளிரவு தாண்டி 30, பிறகு கேஜின் கடைசிக் கோடான 55. ரிலீஃப் வால்வின் செட் 40 பி.எஸ்.ஐ. அது திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை. அழுத்தம் இறங்கியபின் வால்வு மறுபடி உட்காரவும் செய்தது. ரிலீஃப் வால்வுக்கென்று எழுதிய பாடத்தின்படி அந்த வால்வு தன் வேலையைச் செய்தது. ஆனால் அதற்கு அப்பால் வாயுவைக் கழுவ இருந்த ஸ்கிரப்பர் அவ்வளவு பெரிய ஓட்டத்துக்குக் கட்டப்பட்டதே இல்லை. வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் அதே வருடம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. தொட்டியைக் காப்பாற்றிய வால்வின் வழியாகத்தான் விஷம் ஊருக்குள் போனது. டேட்டா ஷீட்டின் எல்லா அழுத்தக் கட்டங்களையும் பிழையில்லாமல் நிரப்பியவர் ‘எங்கே வெளியேறுகிறது’ என்ற கட்டத்தை மேலோட்டமாக எழுதியிருந்தால், அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இந்தப் பக்கத்து ஐஸ் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டராக இருப்பவர் ஒரு கோடையில் என்னைக் கூப்பிட்டார். ரிசீவரின் வால்வு மத்தியானமானால் சீறுகிறது, தெருவெல்லாம் அமோனியா நெடி. “அரை சுத்து முறுக்கிட்டா நின்னுடும்ணே, முதலாளி அதத்தான் செய்யச் சொல்றாரு” என்றார். அவர் முறுக்காமல் என்னைக் கூப்பிட்டதே பெரிய விஷயம். நெடிக்குத் தெருக்காரர்கள் பேசும் பேச்சை வாங்குகிறவர் அவர்; அமோனியா காசு கொடுத்து வாங்குவது. சீறலை நிறுத்த வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ரிசீவர் தகட்டில் 17.5 கிலோ, வால்வு செட்டும் 17.5. கேஜ் 16.5 காட்டியது, அதாவது செட்டின் 94 சதவீதம். சீறாமல் என்ன செய்யும்?

“வால்வை 19-க்கு மாத்திட்டா?”

“வால்வு மாறும் தம்பி. ரிசீவர் மாறாதே. 17.5 ரிசீவரோட எண்ணு.”

“அப்ப இந்த 16.5?”

அது அவருடைய எண் என்றேன். கண்டென்சரில் அமோனியா 40 டிகிரியில் திரவமானால் 14.8-க்கு மேல் போகக் காரணம் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு கிலோ எங்கிருந்தோ கூடுகிறது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு கண்டென்சர் குழாய்களில் கெட்டியாகப் படிந்திருந்தது. உள்ளே காற்றும் சேர்ந்திருந்தது. படிவை எடுத்து, காற்றை வெளியேற்றியதும் கேஜ் 15-க்கு அருகில் வந்து நின்றது. ஸ்க்ரூவை யாரும் தொடவில்லை. நாள்கணக்காகச் சீறியதில் சீட்டில் கோடு விழுந்திருந்ததால் வால்வைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பி, சீட் தேய்த்து, மறுபடி 17.5-க்கு செட் பண்ணி, ஈயச் சீல் வைத்து வாங்கினார்கள்.

மாட்டும் நாளன்று அவர்தான் வெளிக்குழாயைக் காட்டிக் கேட்டார், “இது முழுசா தொறந்துச்சுன்னா எங்கண்ணே போவும்?” குழாய் சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் ஆள் உயரத்தில் முடிந்திருந்தது. காலையில் ஐஸுக்காக மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருக்கும் திண்ணை அதற்கு நேர் கீழே. கூரைக்கு மேல் உயர்த்திக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது. குழாய் நீளமானதால் பேக் பிரஷர் கணக்கை மறுபடி போட்டேன். பழைய ஒன்றரை அங்குலக் குழாயில் 10 சதவீதத்தைத் தாண்டியது, இரண்டு அங்குலத்தில் உள்ளே அடங்கியது. இரண்டு அங்குலக் குழாயே போட்டு, அடியில் வடிகால் துளையும் வைத்தார்கள்.